இழுப்பு

டிப்போவில் அவளை எல்லாரும் ரிவர்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குத் தேர்வு வைத்த அன்று, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்கூட இல்லாத கொட்டகைக்குள் நீளமான பஸ்ஸை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்திக் காட்டினாள். தேர்வு வைக்க வந்தவர் கையிலிருந்த டீ ஆறிப் போகிற வரைக்கும் வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. நாற்பது ஓட்டுநர்களில் பெண் என்று இருந்தது அவள் ஒருத்திதான். அப்பேர்ப்பட்டவளைக் கொண்டுபோய்க் குடை எண்ண உட்கார வைத்துவிட்டார்கள்.

குடைதான். பயணிகள் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைப் போட்டு வைக்க டிப்போவின் பின்பக்கம் ஓர் அறை உண்டு. குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை ஒரு பல்செட்டு. எல்லாவற்றுக்கும் சீட்டு கட்டி, தேதி எழுதி, அலமாரியில் அடுக்க வேண்டும். வந்து கேட்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர். மிச்ச நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வெளியே அவளுடைய வண்டியை வேறொருவன் கியர் கரகரக்கக் கிளப்பிக்கொண்டு போவான், அந்தச் சத்தம் அவளுக்கு அடிவயிற்றில் கேட்கும்.

காரணம், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு தாள். அதில் வலிப்பு நோய் என்று எழுதியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். உச்சி வெயில். மூன்றாவது நடை முடித்துவிட்டு, பஸ் நிலையத்து டைம் ஆபீஸில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவன் லீவு கேட்டு வழக்காடிக்கொண்டிருந்தான். பத்து நிமிஷம் ஆயிற்று, கால் மணி நேரம் ஆயிற்று. இவளுக்குக் காதுக்குள் இரைந்தது, கண் மங்கியது, உள்ளங்கை வேர்த்தது. அடுத்து அவளுக்கு ஞாபகம் இருப்பது, தரையிலிருந்து பார்த்தால் மின்விசிறி எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்பது. விழுந்தபோது கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். இரண்டு வருஷமாக அவளோடு ஒரே வண்டியில் வேலை பார்க்கிற கண்டக்டர் அண்ணன்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனார். நல்ல மனுஷன், ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. ஆனால் எதையும் ஊதிப் பெரிதாக்காமல் சொல்லத் தெரியாது அவருக்கு.

நரம்பியல் பிரிவில் பெஞ்சு நிறைய ஆள். டாக்டரும் பெண்தான், கிட்டத்தட்ட இவள் வயதுதான். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் எழுதி, மறு கையால் அடுத்த ஃபைலை இழுத்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரிடம் கேட்டாள். அவர் மூச்சு வாங்கச் சொன்னார்: "பத்து நிமிஷம் துடிச்சா டாக்டர். கண்ணு ரெண்டும் மேல போயிருச்சு." அதற்குள் அம்மாவும் ஓடி வந்திருந்தாள். இவளை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போயிருந்த நேரத்தில் அம்மாவிடமும் கேட்டாள்.

"சின்ன வயசுல இந்த மாதிரி ஏதாவது வந்திருக்காம்மா?"

"இழுப்பு வரும் டாக்டர். ஆறு வயசு வரைக்கும் அடிக்கடி இழுத்துக்கிட்டுக் கிடப்பா. மடியிலேயே வச்சிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

டாக்டரின் பேனா ஓடியது. தலையில் ஒயர்களை ஒட்டி ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். அதில் ஏதோ சின்ன மாறுபாடு என்றார்கள். காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. வண்டி ஓட்டக் கூடாது, ஏணி ஏறக் கூடாது, மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, நல்லெண்ணத்தோடுதான் டாக்டர் இதையும் சொன்னாள்: "இந்த மாத்திரை சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். அப்படி இருந்தா வந்து சொல்லுங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கண்டக்டர் அப்படியே டிப்போவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதோடு போயிற்று.

அன்றிலிருந்து அவள் கோபத்துக்கு மரியாதை இல்லாமல் போனது. இத்தனைக்கும் அவள் பிறந்ததிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். குறுக்கே வந்த லாரிக்காரனை அவள் திட்டினால் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தக் கோபத்தை எல்லாரும் ஒன்பது வருஷமாகப் பயந்து மதித்துத்தான் வந்தார்கள். இப்போது அவள் வாயைத் திறந்தாலே தலையைச் சாய்த்து, குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். "என் வண்டி கிளட்சை அவன் தேய்ச்சு நாசம் பண்றான்" என்றாள். "மாத்திரைம்மா, மாத்திரை" என்றார் மெக்கானிக். "எனக்கு ஏன் குடை அறை? டிக்கெட் கவுண்டர் குடுத்தா என்ன?" என்று கிளார்க்கிடம் கேட்டாள். அவன் நாற்காலியை ஒரு முழம் பின்னால் நகர்த்திவிட்டு, "தண்ணி குடிங்க, டென்ஷன் ஆகாதீங்க" என்றான். வீட்டில் அம்மாவும் அதே பாட்டுத்தான். குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னால்கூட மாத்திரை பேசுகிறது என்பாள்.

உண்மையில் மாத்திரை கொஞ்சம் பேசியும் இருக்கலாம். அதுதான் அவளை இன்னும் குடைந்தது. இது யார் கோபம் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வேளை தவறாமல் மாத்திரையைப் போட்டாள். பிடிவாதக்காரிதான், முட்டாள் இல்லை. திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் சொன்னது மனதில் இருந்தது.

மூன்றாம் மாசம் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். மேலாளருக்குத் தனி அறை, மேஜைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் பேரப்பிள்ளைகளின் படம். குரலை உயர்த்தியே பேச மாட்டார். அதனாலேயே அவரிடம் எந்தக் காரியமும் நடக்காது. ஒரு ஃபைலைத் தள்ளினார்.

"குடை அறைக்கு உங்களை நிரந்தரமா மாத்தறோம்மா. உங்க நல்லதுக்குத்தான். கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

போட்டால் ஓட்டுநர் வேலை போச்சு. திரும்பக் கேட்க முடியாது. அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"படிச்சிட்டுப் போடறேன் சார்."

"அதுல என்னம்மா இருக்கு, எல்லாம் டாக்டர் எழுதினதுதான்."

"என்னைப் பத்தி எழுதினதை நான்தானே சார் படிக்கணும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள். மேலாளர் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார், ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். நான்காவது பக்கத்தில் கண் நின்றது. "ஆறு வயது வரை அடிக்கடி வலிப்பு. தாயார் சொன்னது."

எனக்கா? ஆறு வயது வரைக்குமா? ஃபைலை மூடி அவர் பக்கமே தள்ளினாள்.

"கையெழுத்துப் போடல சார்."

"அப்படின்னா?"

"அப்படின்னா போடலன்னு அர்த்தம்."

"கோபப்படாதீங்கம்மா. மாத்திரை..."

"மாத்திரை பேசல சார், நான்தான் பேசறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அவர் பின்னாலிருந்து, மாதக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன், அப்புறம் கையெழுத்து இல்லாமலே உத்தரவு போய்விடும் என்றார்.

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். புருஷன் என்று ஒருவன் இருந்தான், அவன் கதை இங்கே வேண்டாம், இந்தத் தாள் கதைக்கே இடம் போதவில்லை. அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் எதிரில் நின்றாள்.

"ஏம்மா, எனக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சா?"

"வலிப்பா? யாரு சொன்னது?"

"நீதான் சொன்னே. டாக்டர்கிட்ட."

"நான் எங்கடி சொன்னேன்? இழுப்புன்னு சொன்னேன். மழை பேஞ்சா போதும், நெஞ்சு கீச்சுக் கீச்சுன்னு கத்தும் உனக்கு. மூச்சு இழுக்க முடியாம முழிப்பே. ஆவி புடிச்சு புடிச்சு என் கை வெந்து போச்சு."

ரிவர்ஸ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். அம்மா ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். விஷயம் மெல்ல மெல்லத்தான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப அந்த டாக்டரு..."

"ஆமா."

"அடப் பாவமே. என் வாயாலயா உனக்கு இந்தக் கதி?"

"வாயால இல்லம்மா. இழுப்புன்னா என்னன்னு அவங்களும் கேக்கல, நீயும் சொல்லல."

அம்மா மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உண்மையைச் சொல்றேன், அடிக்க வராதே. நீ வண்டி ஓட்டாம ஒரு இடத்துல உட்கார்ந்து வேலை பார்க்கறது எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சு. வீட்டுக்கு முழுசா வர்றியேன்னு."

"தெரியும்."

"தெரியுமா?"

"குடையைப் பத்திக் கேக்கறப்பெல்லாம் உன் மூஞ்சி சிரிக்குமே. ஆனா நீ நாளைக்கு என்கூட வரணும். வந்து அந்த டாக்டர்கிட்ட கீச்சுக் கீச்சுன்னு செஞ்சு காட்டணும்."

அம்மாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, எந்தப் புடவை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டாள்.

மறுநாள் கண்டக்டர் அண்ணனையும் கிளப்பினாள். லீவு இல்லை என்றார், முட்டி வலி என்றார். "பத்து நிமிஷம்னு சொன்னது யாரு அண்ணே?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

பெஞ்சில் மூன்று பேருமாக இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதும் டாக்டர் ஃபைலைத் திறக்காமலே, "கோபம் ரொம்ப வருதா?" என்று கேட்டாள்.

"வருது. அதுக்கு மாத்திரையை மாத்தாதீங்க, காரணத்தைக் கேளுங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். ரிவர்ஸ் இருக்கையில் உட்காரவில்லை.

"எனக்கு வலிப்பு இருந்தா இருக்குன்னு ஒத்துக்குவேன் டாக்டர். வெளியில பெஞ்சுல அந்த வியாதியோட எத்தனை பேரு, மாத்திரையைப் போட்டுக்கிட்டு நிமிர்ந்து நடக்கறாங்க. நானும் நடந்துட்டுப் போறேன். அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. ஆனா இல்லாததை இருக்குன்னு எழுதினா ஒத்துக்க மாட்டேன். எங்கம்மா சொன்ன இழுப்பு என்னன்னு முதல்ல கேளுங்க."

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, மேடை ஏறுகிறவள்போல் முன்னால் வந்தாள். மூச்சை உள்ளே இழுத்து, "கீ...ய்ங்" என்றாள். விட்டு, மறுபடி "கீ...ய்ங்". தோள் இரண்டும் காதுக்கு ஏறி இறங்கின. டாக்டர் வாயிலிருந்து பேனா மூடி கீழே விழுந்தது.

"இது ஆஸ்துமாவாச்சேம்மா."

"அதைத்தான் இழுப்புன்னேன்."

"எங்க வீட்டுல இழுப்புன்னா வலிப்பு."

"எங்க வீட்டுல மூச்சு" என்றாள் அம்மா.

கண்டக்டர் அண்ணன் சும்மா இருக்க முடியாமல், "எங்க வீட்டுல இழுத்துக்கிச்சுன்னா ஒரு பக்கம் கை கால் விளங்காம போச்சுன்னு அர்த்தம் டாக்டர்" என்றார். மூன்று வீடு, மூன்று வியாதி, ஒரே சொல். டாக்டர் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஃபைலைத் திறந்தாள்.

ஆனால் உடனே விட்டுக் கொடுக்கவும் இல்லை. சின்ன வயது விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பத்து நிமிஷம் வெட்டி இழுத்தது சாதாரண மயக்கம் ஆகாது என்றாள். அது நியாயமான பேச்சுத்தான். ரிவர்ஸ் கண்டக்டரைப் பார்த்தாள்.

"அண்ணே, நான் எப்படி விழுந்தேன்? விழுந்து காட்டுங்க."

"இங்கயா?"

"இங்கதான். டாக்டர், நீங்க வாட்ச்சைப் பாருங்க."

ஐம்பத்தேழு வயது, கனத்த உடம்பு. அண்ணன் தோள் பையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், சுவரைப் பிடித்து மெதுவாகச் சரிந்து தரையில் படுத்தார். கையை நான்கு தடவை, காலை மூன்று தடவை வெட்டினார். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அப்புறம்?" என்றாள் டாக்டர்.

"அவ்வளவுதான் டாக்டர்."

"ஒன்பது செகண்ட்."

அண்ணன் தரையில் கிடந்தபடியே யோசித்தார். "ஒன்பதா? எனக்கு அன்னைக்குப் பத்து நிமிஷமாத்தான் இருந்துச்சு. கையும் ஓடல, காலும் ஓடல."

டாக்டர் நாற்காலியை விட்டு இறங்கி அவர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். முகம் என்ன நிறம்? சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, ஒரே வேர்வை. நாக்கைக் கடித்திருந்தாளா? இல்லை. கண் விழித்ததும் தெளிவு வர எவ்வளவு நேரம் ஆயிற்று? தெளிவாவது ஒன்றாவது, எழுந்த உடனே கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டாள், சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டேன் என்று என்னைத் திட்டினாள் என்றார் அண்ணன். வலிப்பு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவு சீக்கிரம் தெளியாது என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ரிவர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குக் காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"குடிக்கல."

"வெயில் நாள்ல, மூணு நடை ஓட்டிட்டா?"

"வண்டி ஓட்டற நாள்ல குடிக்கறதே இல்ல டாக்டர். ஒன்பது வருஷமா."

"ஏன்?"

ரிவர்ஸ் முதல் தடவையாகக் குரலைத் தணித்தாள். "எங்க போறது? கடைசி நிறுத்தத்துல ஆம்பளைங்களுக்குச் சுவரு இருக்கு. பஸ் நிலையத்துல பெண்கள் கழிப்பறை வாசல்ல மராமத்து நடக்குதுன்னு பலகை தொங்குது. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே அது பழைய பலகை."

கண்டக்டர் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நடைக்கு நடை ஒரு சொம்புத் தண்ணீரை அவள் எதிரிலேயே மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, "உனக்கு வேணாமாம்மா?" என்று கேட்டவர் அவர். வேண்டாம் அண்ணே என்று அவள் சொல்வதை இரண்டு வருஷம் அப்படியே நம்பியிருக்கிறார்.

டாக்டர் எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நானும் காலையில இங்க உட்கார்ந்தா மத்தியானம் வரைக்கும் குடிக்கறதில்லை" என்றாள்.

வெறும் வாய்ப்பேச்சை வைத்துத் தாளை மாற்ற முடியாது, ஒரு சோதனை இருக்கிறது என்றாள். மேஜையில் படுக்க வைத்துப் பட்டையால் கட்டி, மேஜையை நிமிர்த்தி, நின்ற நிலையில் வைத்திருப்பார்கள். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, மூளையின் கோடு எல்லாம் திரையில் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண மயக்கமாக இருந்தால் அங்கேயே அது வரலாம். வந்தால் கண்ணெதிரிலேயே எது என்று தெரிந்துவிடும்.

"வரலைன்னா?"

"வரலைன்னா எதுவும் நிரூபணம் ஆகாது."

ஆக, வண்டி திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் அவள் விழுந்தாக வேண்டும். மூன்று மாசமாக ஊரே அவள் எப்போது விழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் நேராக நடந்து, நேராக நின்று, எந்தச் சுவரையும் தொடாமல் காலம் தள்ளினாள். இப்போது விழு என்கிறார்கள். நல்ல கூத்து.

அடுத்த வாரம் அந்த மேஜையில் கட்டி நிமிர்த்தினார்கள். முடிக்குள் பசை தடவி ஒயர் ஒட்டியிருந்தது, கையில் பட்டை, விரலில் கிளிப். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஒன்றும் ஆகவில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து அவள் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டதே இல்லை, இன்றைக்கா கேட்கப் போகிறது. இருபது நிமிஷம். சோதனைக்காரர் கொட்டாவி விட்டார். ரிவர்ஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குடைகளை நினைத்தாள், மாதக் கடைசியை நினைத்தாள். விழுந்து தொலை என்று தன்னையே திட்டினாள். டாக்டர் வந்து நாக்குக்கு அடியில் ஒரு மருந்தைத் தெளித்தாள். இன்னும் நான்கு நிமிஷம். காதுக்குள் இரைச்சல் ஆரம்பித்தது. அந்த இரைச்சலைக் கேட்டு அவளுக்கு வந்த சந்தோஷம், தேர்வில் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டபோதுகூட வந்ததில்லை. "வருது டாக்டர், பாத்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான் தெரியும்.

கண் திறந்தபோது மேஜை படுக்கையாக இருந்தது. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தேதி இன்னைக்கு?"

ரிவர்ஸ் தேதியைச் சொன்னாள், கிழமையைச் சொன்னாள், சோதனைக்காரர் கொட்டாவி விட்டதையும் சொன்னாள்.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கியிருந்தது, துடிப்பு மந்தமாகியிருந்தது. கை கால் அதே மாதிரி வெட்டியிருக்கிறது, எட்டு விநாடி. அந்த எட்டு விநாடியிலும் மூளையின் கோட்டில் வலிப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. ரத்தம் போதாமல் மூளை கொஞ்சம் அடங்கிப் போயிருந்தது, அவ்வளவுதான். ஈ.ஈ.ஜி.யில் முன்னே பார்த்த சின்ன மாறுபாடு எத்தனையோ நல்ல ஆட்களுக்கும் இருப்பதுதான், இழுப்பு, பத்து நிமிஷம் என்ற அந்த இரண்டோடு சேர்த்துப் பார்த்ததால் பெரிதாகத் தெரிந்துவிட்டது என்றாள். இது நின்றுகொண்டிருக்கும்போது வருகிற மயக்கம், உட்கார்ந்து ஓட்டும்போது ஒரு தடவைகூட வந்ததில்லை, வருமுன் காதும் கண்ணும் சொல்லிவிடும், அப்போது உடனே படுத்துவிட வேண்டும். மாத்திரையை ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம். அதுவரை மயக்கம் வராமலிருந்தால் வண்டி எடுக்கலாம்.

"நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் டாக்டர்.

"வாயால சொன்னா டிப்போ கேக்காது டாக்டர். எழுதிக் குடுங்க."

"வலிப்பு இல்லைன்னு எழுதித் தர்றேன்."

"அது பத்தாது. முதல்ல எழுதினது தப்புன்னு எழுதணும். இல்லாட்டி, வியாதி இருந்துச்சு, இப்ப நல்லாயிருச்சு, திரும்ப வந்தாலும் வரும்னு சொல்லுவாங்க. அவங்களை எனக்குத் தெரியும்."

டாக்டர் ஒரு புதுத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். சுலபமில்லைதான், தன் கையெழுத்துக்குக் கீழே தன் தப்பை எழுதுவது. எழுதினாள். மருந்துச் சீட்டையும் எடுத்தாள். தண்ணீர், நாளைக்கு மூன்று லிட்டர், வேலை நேரத்திலும். கேட்காமலே அடுத்த வரியையும் எழுதினாள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை வசதி, கட்டாயம். முத்திரையை அழுத்திக் குத்தினாள், மேஜை ஆடியது.

அந்தத் தாளைப் பார்த்ததும் மேலாளர் உத்தரவை நிறுத்தி வைத்தார். ஆறு வாரத்தில் டாக்டரின் கடைசிச் சான்றிதழும் வந்தது. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்துவிட்டு, ரொம்ப சந்தோஷம்மா என்றார். மருந்துச் சீட்டைப் படித்ததும் சந்தோஷம் குறைந்தது. கடைசி நிறுத்தம் அவர் பொறுப்பு இல்லையாம், பஸ் நிலையம் வேறு இலாகாவாம். எழுதிப் போடுகிறேன், ஆனால் காலம் ஆகும் என்றார். பிறகு, தங்கமான யோசனை ஒன்று வந்தவர்போல் முன்னால் சாய்ந்தார்.

"அதுவரைக்கும் நீங்க குடை அறையிலேயே இருங்களேன். இங்க என் ரூமை ஒட்டி பாத்ரூம் இருக்கு. கிளார்க்கிட்ட சாவி வாங்கிக்கலாம். உங்க மருந்துச் சீட்டுப்படி பார்த்தா அதுதானே பொருத்தம்?"

ரிவர்ஸுக்குக் காது சூடேறியது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அவளும் முன்னே என்றால் கத்தியிருப்பாள்.

"வலிப்பு இருந்துச்சுன்னும் குடை. இல்லைன்னும் குடையா சார்?"

"அப்படி இல்லம்மா..."

"இங்க பாத்ரூம் இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. நாளைக்குக் காலையில என் வண்டியை எனக்குக் குடுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

சான்றிதழ் கையில் இருக்கும்போது வண்டி இல்லை என்று சொல்ல அவருக்கு வழி இல்லை. கொடுத்தார்.

மறுநாள் முதல் நடையிலேயே ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் காலி செய்தாள். கண்டக்டர் அண்ணன்தான் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். குடிக்கிற வரைக்கும் விசில் ஊத மாட்டேன் என்று நின்றார். இரண்டாவது நடை. பஸ் நிறைய ஆள், பாதிக்குமேல் பெண்கள். அந்த வழித்தடம் டிப்போ வாசலைத் தாண்டித்தான் போகும், உள்ளே போகாது. அன்றைக்கு ரிவர்ஸ் இண்டிகேட்டரைப் போட்டு, நிதானமாகத் திருப்பி, உள்ளே கொண்டுபோய் மேலாளர் அறை வாசல்படியில் முன்கதவு சரியாகப் பொருந்துகிற மாதிரி நிறுத்தினாள்.

"என்னாச்சு, ஏன் உள்ள வந்திருக்கு?" என்று பயணிகள் எட்டிப் பார்த்தார்கள்.

கண்டக்டர் அண்ணன் பையைச் சரிசெய்துகொண்டு நடுவில் வந்து நின்றார். "டாக்டர் உத்தரவுங்க. ஓட்டுநர் மருந்து சாப்பிடப் போறாங்க. அஞ்சு நிமிஷம்." இந்தத் தடவை நேரத்தைக் கூட்டிச் சொல்லவில்லை.

ரிவர்ஸ் இறங்கினாள். கிளார்க்கின் முன்னால் சீட்டை விரித்து வைத்தாள், முத்திரை மேலே தெரிகிற மாதிரி. அவன் சீட்டைப் பார்த்தான், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற பஸ்ஸைப் பார்த்தான், சாவியை எடுத்துக் கொடுத்தான். மேலாளர் மேலிடத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

அவள் வெளியே வந்தபோது கதவருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கைக்குழந்தையும் கையுமாக, கூச்சத்தோடு, "நானும் போய்ட்டு வரட்டுமா, கடைசி நிறுத்தம் வரைக்கும் எங்கயும் இல்ல" என்றாள். அவளுக்குப் பின்னால் காய்கறிக் கூடைக்காரி. அவளுக்குப் பின்னால் சீருடையில் ஒரு நர்ஸ், பையைத் தோளில் மாட்டிய இரண்டு மாணவிகள், தடி ஊன்றிய ஓர் அம்மாள். வரிசை தாழ்வாரத்தைத் தாண்டி, கிளார்க்கின் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி, படியிறங்கி, பஸ்ஸுக்குள்ளேயே போனது. ரிவர்ஸ் சாவியை முதலில் நின்றவளின் கையில் வைத்தாள்.

"போய்ட்டு வாங்க. எல்லாரும் வந்தப்புறம்தான் வண்டி எடுப்பேன்."

ஐந்து நிமிஷம் இருபது நிமிஷம் ஆயிற்று. ஆண்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். கண்டக்டர் அண்ணன் அவர்களைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மேலாளரின் கார் வந்தது. நெடுந்தூரம் வந்திருப்பார் போலிருக்கிறது. இறங்கி, பஸ்ஸைப் பார்த்து, வாயைத் திறந்தார், ஆனால் திட்டுவதற்கு அவருக்கு அப்போது நேரம் இல்லை. படியேறித் தாழ்வாரத்தில் அவசர அவசரமாக நடந்து, அந்தப் பாத்ரூம் கதவை நோக்கிப் போனார்.

வரிசையின் நடுவிலிருந்த கூடைக்காரி கையை நீட்டி மறித்தாள். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"பின்னாடி போய் நில்லுங்க" என்றாள்.